கரி மேல் பூசிய வெள்ளை

தகர டின்னில் சுண்ணாம்பு கொதித்து அடங்கிய வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் காலனி சமுதாயக் கூடத்தின் கருகிய சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கூடத்தைப் பெருக்குவதும் சாவி வைத்திருப்பதும் பெரியம்மாதான். தை மாதம் அவர் மகளின், எங்கள் அக்காவின், கல்யாணம் அங்கேதான் நடப்பதாக இருந்தது. டவுனில் மண்டபம் பிடிக்க வசதியில்லை.

அந்தப் புரட்டாசியில் யாரோ கதவை உடைத்து, நாற்காலிகளைக் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. போலீஸ் பார்த்துவிட்டுப் போனது. அரசாங்கம் நஷ்டஈடு தரும், சேதத்தை மதிப்பிட அதிகாரி வருவார் என்றார்கள். போலீஸ்தான் எல்லாம் பார்த்துவிட்டதே என்று எங்களுக்கு நினைப்பு. அதிகாரி வருகிறார் என்றால் தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். பெரியம்மா அதற்கும் மேலே போனார். "வர்றவங்க கரிய மிதிச்சிக்கினா உள்ள வருவாங்க? நம்பள இன்னா நெனப்பாங்க?" கருகிய நாற்காலிகளை ஏரிக்கரையில் கொட்டினோம். விரிசலுக்குச் சிமெண்ட் பூசினோம்.

அதிகாரி நல்ல மனுஷர்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "கூடம் நல்லாத்தானேம்மா இருக்குது?" என்றார். பாராட்டு என்று நினைத்துப் பெரியம்மா வெட்கத்தோடு சிரித்தார். "எரிஞ்சது எங்க?" என்று கேட்டபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

"அல்லாத்தயும் நாங்களே சுத்தம் பண்ணிட்டம் சார்."

"நான் கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும்மா."

கதவுக்கு மட்டும் நஷ்டஈடு வந்தது. தீயில் வெந்திருந்த மேல்தளம் ஐப்பசி மழையில் காரை காரையாக உதிர, கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். கல்யாணம் தெருவில் தார்ப்பாய் கட்டி நடந்தது. அதற்கப்புறம் எந்தப் பொங்கலுக்கு யார் வெள்ளையடிக்க வந்தாலும் வாசலில் மறித்து நின்றுகொள்வார். "அடிக்காதீங்கடா. நாளிக்கி யார்னா வந்து கேட்டா இன்னாத்த காட்டறது?"

போன வருஷம் அவர் இறந்தார். முந்தானையில் முடிந்திருந்த சாவி இப்போது என்னிடம். நேற்று கூடத்தைத் திறந்தேன். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. மூலையில் அந்தத் தகர டின் கிடந்தது. சுவரில் சுண்ணாம்பு முழுக்க உரிந்து, கரி நன்றாகத் தெரிந்தது. வந்து கேட்கத்தான் யாரும் இல்லை; கொஞ்ச நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பூட்டினேன்.