கயிற்றின் அடியில் பச்சைச் சிப்பி

வடக்குக் கடலில் மிதக்கும் மீன்பண்ணை ஒன்றில் வாரம் மூன்று நாள் சிப்பி கழுவப் போகிறேன். பண்ணைக்காரரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஐம்பது வயது, எங்கள் அடுக்குமாடி புளோக்கில்தான் இருக்கிறார். வீடு இருக்கும் தேக்காவிலிருந்து ரயில், பஸ், அப்புறம் படகு. இந்த வயதில் ஏன் என்று கேட்பவர்களிடம், படகுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடுவேன்.

அங்கே ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும். பலகையிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டால் பச்சைச் சிப்பி தானாக வந்து ஒட்டி வளரும். அது இந்தக் கடலிலேயே பிறந்தது. சில வருடமாக, கறுத்த சின்னச் சிப்பி ஒன்றும் வந்து கயிற்றை மூடுகிறது. எங்கிருந்தோ கப்பலோடு வந்தது என்கிறார்கள். அதை யாரும் வாங்குவதில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் தம்பி கத்தியோடு வந்தார்.

"எல்லாக் கயித்தையும் அறுத்துப் போட்டுடலாம்கா. பச்சை இனிமே இல்ல லா. மீன் மட்டும் போதும்."

கயிறு கனம். அதனால் மேல் முழத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். அன்றும் அவர் ஆறு கயிற்றை அப்படிப் பார்த்தார், ஆறும் கறுப்பு.

"அடி வரைக்கும் தூக்குனீங்களா?"

"அடியில மட்டும் வேறயா இருக்கும்? பச்சை அழிஞ்சுபோச்சுன்னு பேப்பர்லயும் போட்டிருந்தான்கா."

"பேப்பர்காரன் தண்ணிக்குள்ள எறங்கிப் பாத்தானா?"

"உங்க இடுப்பு போச்சுன்னா உங்க மக என்னைய விடமாட்டா."

"என் இடுப்பை நான் பாத்துக்குறேன். நீங்க புடிங்க."

இருவரும் இழுத்தோம். முதல் முழம் முழுக்கக் கறுப்பு. இரண்டாவதில் கறுப்புக்கு நடுவே ஒன்றிரண்டு பச்சை. மழைத்தண்ணீர் மேலேயே நின்றுவிடும், கீழே பச்சைக்கு வேண்டிய உப்பு கூடுதல். கடைசி இரண்டு முழத்தில் என் விரல் நீளத்துக்குப் பச்சைச் சிப்பிகள், அவற்றின் முதுகில் பொடிக் கறுப்புகள். தட்டிப் பார்த்தேன். இரண்டுமே வாயை இறுக மூடிக்கொண்டன. உயிர் இருக்கிறது.

"ரெண்டும் ஒரே கயித்துலயா?" என்றார் தம்பி.

"மேல்மாடில ஒருத்தர், கீழ்மாடில ஒருத்தர். நம்ம புளோக்குல இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டே கத்தியை உறையில் போட்டார்.

அந்த வாரமே வெறும் நைலானை மேலே சேர்த்துக் கட்டி, எல்லாக் கயிற்றையும் இரண்டு முழம் கீழே இறக்கினோம். கறுப்பும் பின்னாலேயே இறங்கி வருமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அடி வரை தூக்காமல் தம்பி எதையும் முடிவு செய்வதில்லை. போன வாரம் ஒரு நுனியில் பாசிப்பயறு அளவில் புதுப் பச்சைக் குஞ்சுகள். அவர் ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார்.

"வெயில்ல காயுது, முதல்ல தண்ணியில விடுங்க" என்றேன்.