மசிடன் மலையில் ஒன்பது பேர்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரான மல்கிரேவில் காரைக் கிளப்பினேன். ஏப்ரல் கடைசி, இங்கே நல்ல இலையுதிர் காலம். பின்சீட்டை மடக்கி சைக்கிளைப் படுக்கப் போட்டிருந்தேன். பக்கத்து சீட்டில் பை. வைத்ததுமே கார் பெல்ட் போடச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டது. பைக்குப் பெல்ட் மாட்டிவிட்டேன். காருக்காவது என் பக்கத்தில் ஆள் இருப்பதாக ஒரு நினைப்பு.

மசிடன் மலை மெல்போர்னுக்கு வடமேற்கே இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றேகால் மணி நேரப் பயணம். போகிற வழியில் ஏன் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனைவி என்னைப் பிரிந்து சிட்னியில் பரமட்டாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. வேலை வீட்டிலிருந்தேதான். ஜனவரியில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் தரையில் கிடந்தபடி யோசித்தபோது, நான் எழுந்திருக்காவிட்டால் அது திங்கட்கிழமை மீட்டிங் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது என்று புரிந்தது. அடுத்த வாரமே 650 டாலருக்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, தமிழர்கள் சேர்ந்து ஓட்டும் ஒரு குழுவில் சேர்ந்தேன். உடம்பைக் குறைக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது, நான் வரவில்லை என்றால் வரவில்லை என்று கவனிக்க நாலு பேர்.

ஏழு மணிக்கு மசிடன் ரயில் நிலையம். கார் திரை வெப்பம் ஆறு டிகிரி என்று காட்டியது. பனிமூட்டத்தில் மலையே தெரியவில்லை. பல கோடி வருடங்களுக்கு முன் எரிமலையாக இருந்ததாம். இப்போது ஆறிப்போய், வெள்ளைக்காரர்களின் பூந்தோட்டங்களைச் சுமந்துகொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. குழுவை நடத்துகிற பாலா கோயம்புத்தூர்க்காரர். கிளம்புமுன் ஆட்களை எண்ணுவார், மலை உச்சியில் மறுபடி எண்ணுவார், கணக்குச் சரியானால்தான் இறங்கலாம். அது குழுவின் சட்டம்.

"ஒன்பது பேர். சார், நீங்க மெதுவா வாங்க, உங்களை விட்டுட்டுப் போயிட மாட்டோம்" என்றார். குழுவில் எனக்குப் பெயரே சார்தான்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். சாலையோர ஓக் மரங்கள் செம்பும் மஞ்சளுமாக இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. ஈர இலை மேல் சக்கரம் வழுக்கியது. மேலேயுள்ள சிற்றூரைத் தாண்டும்போது பாலாவின் மச்சான் வந்து சேர்ந்துகொண்டான். சிட்னி லிட்கமிலிருந்து முந்தின நாள் வந்தவன், தூங்கிவிட்டானாம். அவனைச் சேர்த்துப் பத்து. ஆனால் எண்ணுகிற வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஏற்றம் ஆளைக் கொல்கிறது. எல்லோரும் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வதனி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை, ஏறக்குறைய என் வயது. கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டினார்.

"எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?" என்று கேட்டேன்.

"கதையாதேங்கோ அண்ணை, மூச்சு வாங்கும். நான் மேல நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவரும் பனிக்குள் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு, உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, இடது கால் சதை பிடித்துக்கொண்டது. சாலையை விட்டு விலகி மரத்தடி மேசை ஒன்றில் காலை நீட்டிப் போட்டேன். கால் மணி நேரம் கழித்து மேலேயிருந்து சைக்கிள்கள் இறங்குகிற சத்தம். பனியில் சிவப்பு விளக்குகள் வரிசையாகக் கடந்து போயின. எண்ணினேன். ஒன்பது. சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூப்பிட்டிருக்கலாம். இருபதடி தூரம்தான். கூப்பிடவில்லை. என்ன நடந்தது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. மச்சானைச் சேர்த்து ஒன்பது, கணக்குச் சரி. எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு வீம்பும் வந்தது. எப்போதுதான் கவனிக்கிறார்கள் பார்க்கலாம் என்று, போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் திணித்துவிட்டு, மீதி மலையைத் தனியாக ஏறினேன்.

ஒன்பதே முக்காலுக்கு உச்சி. ஆயிரம் மீட்டர் உயரம். தெளிவான நாளில் மெல்போர்ன் வரை தெரியுமாம். எனக்குக் கிடைத்தது பனியும், மேல்பாதி மறைந்துபோன ஒரு பெரிய கல் சிலுவையும். போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து நடந்துதான் போக வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அதன் அடியில் உட்கார்ந்தேன். இவ்வளவு உயரம் ஏறிவிட்டேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. குளிர் தாங்காமல் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு, கீழே எல்லோரும் கூடுவதாகச் சொல்லியிருந்த காப்பிக் கடை. உள்ளே நுழைந்ததும் பாலா கையை உயர்த்தினார்.

"இதோ சாரும் வந்தாச்சு. ஒன்பது பேர், சரியாப் போச்சு. ஆர்டர் பண்ணிடலாம்."

நான் வரிசையாக முகங்களைப் பார்த்தேன். மச்சான் மூலையில் கேக் தின்றுகொண்டிருந்தான்.

"வதனி எங்க?" என்றேன்.

"போட்டோ எடுக்கன்னு நடுவுல நின்னாங்க" என்றான் ஒருவன். "வருவாங்க."

பையிலிருந்து போனை எடுத்தேன். தெரியாத எண் ஒன்றிலிருந்து ஆறு அழைப்புகள். மூன்று மாதமாகச் சேர்ந்து ஓட்டியும், அவர்களில் ஒருவருடைய எண்ணையும் நான் பெயர் போட்டுச் சேமித்து வைக்கவில்லை. திருப்பி அழைத்தேன், கிடைக்கவில்லை.

"பாலா, நம்ம பத்துப் பேர். அவங்க என்னைத் தேடித்தான் மேல போயிருக்காங்க."

பாலா முகம் வெளுத்து ஹெல்மெட்டைத் தேடுவதற்குள் நான் சாலைக்கு வந்துவிட்டேன். கால் கெஞ்சியது. மனம் அதைவிட மோசமாக இருந்தது. ஈர இலையில் வழுக்கி எந்தத் தடுப்புக்குக் கீழே கிடக்கிறாரோ என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன்.

மேலேயிருந்து வதனி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கை விறைத்து பிரேக் பிடிக்க முடியவில்லையாம்.

"நீங்கள் கீழையோ நிண்டனீங்கள்?" என்றார். "இறங்கேக்கதான் உங்களைக் காணேல்லை எண்டு நினைவு வந்தது. மேல முழுக்கத் தேடினனான், பனியில ஒண்டும் தெரியேல்லை. குழுவில இருந்த நம்பருக்கு ஆறு தரம் போன் எடுத்தனான். பேரும் தெரியாது. அண்ணை, அண்ணை எண்டு கத்தினதுதான்."

பொய் சொல்லியிருக்கலாம். "போனை வேணும்னேதான் எடுக்காம இருந்தேன்" என்றேன். "யாராவது தேடறாங்களான்னு பாக்க."

அவர் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு விசரோ?"

"ஆமா, பைத்தியம்தான்" என்றேன்.

அவர் முன்னால் நடந்தார். நானும் இறங்கித் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். இரண்டு வளைவு தாண்டிய பிறகு, திரும்பாமலே, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். சேகர் என்றேன். அதற்குள் பாலா மூச்சிரைக்க எதிரே வந்து சேர்ந்தார். கடைக்குத் திரும்பும் வரை சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காப்பி ஐந்தரை டாலர், ஆறிப்போனதைத்தான் குடித்தோம். வதனி என் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்று மணிக்கு மல்கிரேவ். மலைக்குப் போய் வந்ததால் வீடு ஒன்றும் மாறிவிடவில்லை. காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்தில், ஹாலில் அதே குளிர். ஹீட்டரைப் போட்டுவிட்டு, வெட்கத்தோடு நாற்காலியில் சாய்ந்தேன். ஒருவரைப் பனியில் அலைய விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இனி எந்த முகத்தோடு அந்தக் குழுவுக்குப் போவது?

ஆறரைக்குப் போன் அதிர்ந்தது. காலையில் ஆறு தரம் அழைத்த அதே எண்ணிலிருந்து செய்தி. "வீட்டை போய்ச் சேர்ந்திட்டியளோ சேகர் அண்ணை?"

"வந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அவர் என் வீட்டையும் தாண்டி, டான்டினாங்குக்கும் அப்பால் தனியாகக் கார் ஓட்டிப் போக வேண்டியவர் என்பது உறைத்தது. "நீங்க போயாச்சா?" என்று கேட்டேன். பதில் வரும் வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை.