அந்தச் சீசனில் டைட்டாக இருந்த கியர்

நோய் என் வீட்டுக்காரருக்கு. வைத்தியம் பார்த்தது சைக்கிளுக்கு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம், வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். அவர் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது.

அந்தச் சைக்கிள் பெங்களூரில் வேலை பார்த்த அவருடைய கூட்டாளி ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. மலைப்பாதையில் ஓட்டுகிற வண்டி. முன்சக்கரத்துக்கு மட்டும் பள்ளத்தில் அமுங்கிக் கொடுக்கிற சஸ்பென்ஷன் உண்டு, பின்னால் ஒன்றும் கிடையாது. ஃபிரேம் முழுக்கக் கார்பன். யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பி கொடுப்பதற்கு முன்னால் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். பூனைக்குட்டி வெயிட்டுதான் என்பார். வந்தவர்களும் தூக்கிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பி.

தென்காசியில் மோட்டார், பம்பு விற்று ரிப்பேரும் பார்க்கிற கடை அவருக்கு. இலத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் தோட்டத்திலிருந்து போன் போட்டு, ஓடுகிற மோட்டார் பக்கத்தில் போனைப் பிடிப்பார்கள். இவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பேரிங் போச்சு என்பார், இல்லாவிட்டால் தண்ணீர் இல்லாமல் சும்மா ஓடுது என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வீட்டில் மிக்ஸி ஓடினாலும் ஹாலில் இருந்துகொண்டே காதைக் கொடுப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு பொருள் மக்கர் பண்ணினால் கோளாறு பொருளில்தான் இருக்கும், மனுஷன் மேல் பழி போடக்கூடாது. நான் தோசையைக் கருக்கினால் கல்லு சரியில்லை என்பார். மகள் கணக்கில் மார்க் குறைத்து வாங்கினால் புஸ்தகம் சரியில்லை என்பார். ஆய்க்குடியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது, வாதாடுவேன். ஆனால் கருகின தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு கல்லைத் திட்டுகிற மனுஷனோடு எத்தனை நாள்தான் சண்டை போட முடியும்? அந்தக் குணத்துக்காகத்தான் அவரை நான் அவ்வளவு நேசித்தேன். அந்தக் குணம்தான் எங்களைக் கவிழ்த்தும் விட்டது.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன வருஷம் வீடு வெறிச்சென்று இருந்தது. இனி இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு என்ன பேசப் போகிறோம் என்று எனக்குப் பயம்தான். அந்த வருஷம் குற்றாலச் சீசன் நன்றாக எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் கிளம்பிவிடுவோம். அவர் சைக்கிளில் முன்னால் போவார், நான் துண்டு, மாற்றுத்துணி, பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் போவேன். இலஞ்சி தாண்டும்போதே சாரல் முகத்தில் அடிக்கும். பழைய குற்றாலத்துக்கு ஏறுகிற மேட்டில் அவர் பக்கத்தில் வண்டியை மெதுவாக விட்டு, "அண்ணாச்சி, லிஃப்ட் வேணுமா?" என்று கேட்பேன். அவர் எழுந்து நின்று மிதிப்பார். கூட்டம் வருவதற்குள் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நின்று மிளகாய் பஜ்ஜி தின்போம். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அந்தச் சில மாதங்களில் பேசின மாதிரி நாங்கள் பேசினதே இல்லை. மகள் போனில், நான் இல்லாமல் நல்லாத்தான் இருக்கீங்க போல என்று கோபித்துக்கொண்டாள்.

அந்தச் சீசனில்தான் ஒரு நாள் பஜ்ஜிக் கடையில் நிற்கும்போது, கியர் மாற்றுகிற லிவர் டைட்டாக இருக்கிறது என்று முதல் தடவையாகச் சொன்னார். கட்டைவிரலால் அமுக்க வேண்டிய லிவர் அது. எண்ணெய் போடுங்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எண்ணெய் போட்டார், கேபிளை மாற்றினார். கொஞ்ச நாள் சரியாக இருந்தது. அடுத்து பிரேக் பிடிக்கக் கடினமாக இருக்கிறது என்று வேறு பிரேக் வரவழைத்தார். வண்டி மேட்டில் இழுக்கிறது என்று இன்னும் லேசான சக்கரங்கள் வந்தன. பிறகு மிதிக்கச் சுலபமாக இருக்கும் என்று முன்னால் சின்னப் பல்சக்கரம். பார்சல் வருகிற அன்று அவர் முகத்தில் தீபாவளி. ஹாலில் சாக்கை விரித்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவார். முதலில் நான் போல்ட்டை எடுத்துக் கொடுக்க மட்டும்தான் உட்கார்ந்தேன். பிறகு, கை வேர்க்கிறது, நீயே முடுக்கு என்று ஸ்பேனரை என்னிடம் கொடுக்க ஆரம்பித்தார். சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே செய்தேன். கார்பனில் அளவுக்கு மேல் முடுக்கினால் கண்ணாடி வளையல் மாதிரி விரிசல் விட்டுவிடும், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குவேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கழற்றின பழைய சாமான்களைப் பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டோம்.

ஒவ்வொரு தடவையும் புதுசு மாட்டினதும் இப்போதுதான் வண்டி வண்டியாக இருக்கிறது என்பார். சில வாரம் கழித்து அடுத்த குறை வரும்.

சைக்கிள் மட்டும் இல்லை. கடை ஷட்டர் துருப்பிடித்துவிட்டது என்று கிரீஸ் அடித்தார். தண்ணீர் பாட்டில் மூடியை இப்போதெல்லாம் ரொம்ப இறுக்கி மூடி அனுப்புகிறான் என்றார். வாசல் பூட்டு சாவி திரும்பவில்லை, பூட்டை மாற்றினோம். சட்டையில் பட்டன் துளையைச் சின்னதாகத் தைத்துவிட்டான் என்று அவர் சொல்ல, நான் டெய்லர் கடைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பாவம், அந்த மனுஷன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாத் துளையையும் பெரிதாக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு விருந்தாள் வந்தபோது, நீங்களே தூக்கிப் பாருங்க என்று சைக்கிளைக் காட்டிவிட்டு இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணால் பார்த்தேன். மனசில் ஏறவில்லை.

கடைசியாக வந்தது பேட்டரி கியர். கேபிளே கிடையாது. கைப்பிடியில் சின்ன பட்டன், தொட்டால் போதும், பின்னால் குட்டி மோட்டார் ஒன்று தானே கியரை மாற்றிவிடும். அதற்குத் தக்க பின்னால் பல்சக்கரம், செயின் எல்லாமே மாறின. இனி நமக்கு வேலையே இல்லை, எல்லாம் மோட்டார் பார்த்துக்கும் என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். மறுநாளே ஐந்தருவிக்குக் கிளம்பினோம்.

வழியில் மேட்டில் ரம்புட்டான் விற்கிறவர்கள் பக்கத்தில் காலை ஊன்றி நின்றுவிட்டார். நான் போய்ச் சேர்ந்ததும், சார்ஜ் இல்லை போல என்றார். நான் கையை நீட்டி பட்டனைத் தொட்டேன். விர்ரென்று கியர் விழுந்தது. பின்னால் மோட்டாரில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் திரும்பவும் கட்டைவிரலை வைத்தார். விரல் பட்டன் மேலேயே இருந்தது, நடுங்கியது, உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இனி மாத்துததுக்கு ஒண்ணும் இல்லட்டி," என்றார்.

பழம் விற்கிற அம்மா பஞ்சரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

திருநெல்வேலியில் பார்த்தோம், மதுரைக்கு அனுப்பினார்கள். மூளையிலிருந்து தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் என்றார்கள். கையில் ஆரம்பித்திருக்கிறது, காலுக்கு வரும், பேச்சுக்கு வரும், கடைசியில் மூச்சுக்கு வரும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நான் இரண்டு மூன்று மாதமாக என்றேன். இவர் மடியில் கிடந்த தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது காரில் ராஜபாளையம் தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "அந்தச் சீசன்லயே இருந்திருக்குமோ?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று புரிந்தது. அதெல்லாம் இருக்காது, பேசாமல் வாருங்கள் என்று அதட்டினேன்.

சாவைப் பற்றி அவர் அதிகம் பேசினது இல்லை. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்தார், மகள் படிப்புக்கு வழி பண்ணினார், எல்லாம் நிதானமாக. இந்த ஒரு கேள்விதான் அவரைப் போட்டு அரித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தான் முழு மனுஷனாக இருந்தோமா, இல்லை அப்போதே நோய் உள்ளே உட்கார்ந்திருந்ததா? இருந்திருந்தால் அவருடைய நல்ல காலம் என்று அவர் நினைத்த காலமும் போச்சு. என்னிடம் கேட்பார், போனில் மகளிடம் கேட்பார், டாக்டரிடம் கேட்பார். சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார்.

அடுத்த சீசன் வந்தது. அவர் காலும் விழுந்து, ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்த இடம் என்றாகிவிட்டது. பேச்சு மெதுவாக, வாய்க்குள் பாக்கு அடக்கின மாதிரி வரும். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பரணில் இருக்கிற பழைய கியரை இறக்கி மாட்டு என்றார். லிவரை மட்டும் எடுத்துக் காட்டினேன். அது போதாது என்று தலையை ஆட்டினார்.

"கேபிள் இல்லாம அமுக்கினா எல்லாம் லேசாத்தான் இருக்கும். முழுசா மாட்டு."

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சீசனில் டைட்டாக இருக்கிறது என்று அவர் சொன்ன அதே கியர். அது உண்மையிலேயே டைட்டாக இருந்தால் கோளாறு அதில்தான், அவர் அப்போது நன்றாக இருந்தார். லேசாக இருந்தால் நோய் அப்போதே வந்துவிட்டது. டாக்டரால் சொல்ல முடியாததை அந்த லிவர் சொல்லிவிடும்.

சாயங்காலம் வரைக்கும் வேலை. பழைய சக்கரம், பழைய செயின், அந்தச் சீசனில் அவர் கழற்றிப் போட்ட அதே பழைய கேபிள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மாட்டினேன். ஆய்க்குடி முருகனை வேண்டிக்கொண்டேன். துருப்பிடித்திருக்க வேண்டும் அப்பா, கேபிள் சிக்க வேண்டும், என் விரல் வலிக்க வேண்டும். சாமியிடம் இப்படி ஒரு வேண்டுதல் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

மாட்டி முடித்து, இடதுகையால் பெடலைச் சுற்றினேன். பின்சக்கரம் ஓடியது. வலது கட்டைவிரலை லிவரில் வைத்தேன்.

காலிங் பெல் அமுக்குகிற மாதிரி போனது. டக்கென்று ஒரே தட்டில் செயின் அடுத்த பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. இன்னொரு தடவை அமுக்கினேன். அதே லேசு.

"எப்படிட்டி இருக்கு?" என்றார்.

நான் பல்லைக் கடித்தேன். தோளைத் தூக்கி, முகத்தைச் சுளித்து, மெத்தை தைக்கிற ஊசியைத் தள்ளுகிறவள் மாதிரி அமுக்கினேன். "ரொம்ப டைட்டா இருக்குங்க. எனக்கே முடியல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பமே சொன்னம்லா," என்றார். "சாமான்லதான் கோளாறு."

"ஆமா."

சாரல் ஜன்னல் வழியாக அவர் கையில் தெறித்தது, துடைக்க அவரால் முடியாது, நான் எழுந்து போய்த் துடைத்தேன்.

"அந்தச் சீசன் நல்லா இருந்துச்சுல்லாட்டி."

"நல்லா இருந்துச்சுங்க."

"இன்னொரு தடவ அமுக்கு. மேடு ஏறுத மாதிரி, ஒண்ணொண்ணா."

திரும்ப வந்து உட்கார்ந்து பெடலைச் சுற்றினேன். சின்னப் பல்லிலிருந்து பெரிய பல் வரைக்கும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். டக், டக் என்று சுத்தமாக விழுந்தது. போனில் மோட்டார் சத்தம் கேட்டுக் கோளாறு சொன்ன மனுஷன், கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனாலும் கடைசிப் பல் வரைக்கும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் அமுக்கினேன்.