மேஸ்திரியின் ரொட்டியில் நான் தூவிய உப்பு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் உருளைக்கிழங்கு வைத்து சாண்ட்விச் செய்து எனக்கும் ஒன்று கொண்டுவந்தீர்கள். நான் ஒரு வாய் கடித்ததும், "என்ன உப்பு போட்டீங்க?" என்று கேட்டேன். "டப்பாவுல இருக்கிற உப்புதான்ப்பா" என்றாள் பெரியவள். ஆனாலும் அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் மீதியைத் தின்றேன். சின்னவன் சிரித்தான். சிரிக்கட்டும். அந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பேட்டையில் நான் லேத் ஓட்டும் பட்டறையில் எங்களுக்கெல்லாம் மூத்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாள் வேலைக்கு வந்துவிடுவார். குடிக்கும் தண்ணீருக்கு அளவு. உப்பைக் குறைக்க வேண்டும். தக்காளி கூடாது, இளநீர் கூடாது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர், வாழைப்பழம் ஒன்றுகூடத் தின்னக்கூடாது. காய்கறியை நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவிக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அப்படித்தான் செய்து அனுப்புவார்கள். வெளுத்துப்போன உருளைக்கிழங்கும் இரண்டு துண்டு ரொட்டியும் தூக்குவாளியில் வரும்.

பதினொரு மணிக்கு மிஷின்களை நிறுத்துவோம். மேஸ்திரி லேத்தில் தானே கடைந்து வழவழப்பாக்கிய கனத்த இரும்பு வட்டு ஒன்று உண்டு. அதுதான் எங்கள் தோசைக்கல். அடுப்பில் அதைக் காயவைத்து, கிழங்கை மசித்து ரொட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் முறுகவிட்டு அவருக்குக் கொடுப்பது என் வேலை. அந்த நாளில் அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்த ரொட்டிதான். முதல் கடியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு, "வாசம் மட்டும் வருது, ருசி எங்கயோ வழியில எறங்கிட்டு" என்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு மனசு கேட்காது.

ஒரு நாள் டவுணில் பலசரக்குக் கடையில் ஒரு பச்சைப் பாக்கெட்டைப் பார்த்தேன். அட்டையில் சிவப்பாக ஓர் இதயப் படம். கடைக்கார அண்ணாச்சி, "இது உப்பு கம்மியான உப்பு. பிரஷர்காரங்க எல்லாம் இதத்தான் வாங்குதாங்க. பயப்படாம கொண்டு போங்க" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் ரொட்டிக்குள் ஒரு சிட்டிகை தூவிக் கொடுத்தேன். மேஸ்திரி கடித்தார். மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே, என்ன போட்ட? கொல்லப் பாக்கியா?"

"இது உப்பு கம்மியான உப்பு அண்ணே. ஒண்ணும் செய்யாதாம்."

"அப்படியும் ஒண்ணு விக்குதானா? கம்மியா பசிக்கிற வயிறு ஒண்ணு கெடைக்குமான்னு கேட்டியா?" என்றவர், இன்னொரு கடி கடித்தார். "உங்க மதினிகிட்ட மூச்சு விட்ராதலே. அவ சமையல குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்."

நான் மூச்சு விடவில்லை. ஒரு சிட்டிகை இரண்டானது. பிறகு அவரே பாக்கெட்டை வாங்கித் தூவிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். விரல் நுனியில் ஒட்டிய துகளைக்கூட விடமாட்டார். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன் போல மிதப்பில் இருந்தேன்.

இரண்டாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மதினியைத் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். "பாவம், இப்ப மூணு தண்ணி மாத்துதா. கிழங்கு காகிதம் மாதிரி வருது" என்று மேஸ்திரியே சொன்னார். சொல்லிக்கொண்டே பச்சைப் பாக்கெட்டை நீட்டச் சொன்னார். நான் நீட்டினேன். அடுத்த சில நாளில் கால் மரத்த மாதிரி இருக்கிறது என்றார். லேத்தின் கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றும்போது விரல் நழுவியது. வயசாகிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ரொட்டி தின்று முடித்து லேத்தை ஓட்டியவர், பாதி வேலையில் மிஷினை நிறுத்தினார். "ஏலே, நெஞ்சு என்னமோ விட்டு விட்டு அடிக்குலே" என்று பைய சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இரும்புச் சுருளெல்லாம் கிடக்கிற தரை அது. அங்கே அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; அவரை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். மதினி வந்துசேர்ந்ததும் நர்ஸ் வெளியே வந்து, "பொட்டாசியம் தாறுமாறா ஏறியிருக்கு. இதயம் நின்னாலும் நின்னுரும். என்னம்மா குடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"மூணு தண்ணி மாத்துதேம்மா."

"மாத்தினா இப்படி ஏறாது. பழம் குடுத்தீங்களா? இளநி குடுத்தீங்களா?"

"இல்லம்மா. கிழங்குதான். மூணு தண்ணி மாத்துதேன்." மதினி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் மதினிக்குத் தெரியாமல் அந்த வயிற்றுக்குள் போனது ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. சொன்னால் மதினி முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப்போவதும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

பிறகு என் பையிலிருந்த பச்சைப் பாக்கெட்டை எடுத்து நர்ஸ் கையில் கொடுத்தேன். பின்பக்கத்தைப் பார்த்தார். பாக்கெட்டோடு உள்ளே ஓடினார்.

மதினி என்னைத் திட்டவில்லை. "மூணு தண்ணி மாத்துனேனே தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

மேஸ்திரி பிழைத்தார். சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்ததும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனபோது, "ருசியாத்தான் இருந்துச்சுலே" என்றார். அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். மதினி அனுப்பியதை அப்படியே தின்றார். வாசம் மட்டும் வருகிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். எல்லோரும் போயிருந்தார்கள். நுண்ணிய அளவு பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, நர்ஸ் திருப்பித் தந்த பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். சாதா உப்பைக் குறைத்து, அதற்குப் பதிலாக நர்ஸ் சொன்ன அதே பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பதாக அங்கே அச்சாகியிருந்தது, எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வேலை கெட்டுப்போனால், கெடுத்தவனே சுவர்ப் பலகையில் அதை எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் எழுத வேண்டும். நான் சாக்கட்டியை எடுத்து 'உப்பு' என்று எழுதினேன். பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டு, விளக்கை அணைத்துப் பூட்டினேன்.