ஹாஜறா காட்ட நினைத்த கல்முனை

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சைக்கிளில் சாரம் விற்றுத் தொடங்கி, இன்று கல்முனைப் பஸாரில் மூன்று மாடித் துணிக்கடை வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி எழுத நிறைய உண்டு. ஆனால் இது என் மனைவி ஹாஜறாவைப் பற்றியது.

எங்கள் மகன் பஸால் ஸ்பெயினில் வேலை செய்து, அங்கேயே கலியாணம் முடித்தவன். அவனுடைய மகள் நஜ்லாவுக்கு ஐந்து வயது. ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. இடையில் மகன் நிற்காமல் பேத்தியோடு கதைக்க வேண்டுமென்று ஐம்பத்தெட்டு வயதில் ஹாஜறா போனைப் பார்த்து அந்தப் பாஷையைப் படிக்கத் தொடங்கினாள். போனிலேயே ஊரைச் சுற்றிக் காட்டுவதாகப் பிள்ளைக்கு வாக்கும் கொடுத்திருந்தாள்.

மீன் கழுவும்போதும் அதே பாடம்தான். "எல் மெர்காதோ, லா பிளாயா, லா மெஸ்கீத்தா." சந்தை, கடற்கரை, பள்ளிவாசல்.

"அதென்ன, ஒண்டுக்கு எல், ஒண்டுக்கு லா?"

"அவங்கட பாஷையில சந்தை ஆம்புள, பள்ளி பொம்புள."

"அஸ்தஃபிருல்லாஹ்! பள்ளி மரைக்காருக்குக் கேட்டா உன்ன ஊர விட்டு ஒதுக்கிப்போடுவாரு."

"நீங்க போய்க் கடையப் பாருங்க. எனக்கு இந்த 'ர' இன்னும் நாக்குல உருளுதில்ல."

மூன்று மாதம் உருட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓட்டோவில் புறப்பட்டோம். போனில் வீடியோவில் நஜ்லா, பக்கத்தில் பஸால். "ஓலா, மகள்" என்று அந்தப் பாஷையில் ஹாஜறா தொடங்கினாள். என் கடை வாசலுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்ச கொண்டா" என்று போனை வாங்கி, மூன்று மாடியும் ஏறினேன். சாறி, சாரம், புது ஏசி எல்லாம் காட்டினேன். பஸால் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "வாப்பா, புள்ள கொட்டாவி விடுறா. சாப்பிடப் போறம்" என்றான்.

ஹாஜறா ஓட்டோவுக்குள்ளேயே இருந்தாள்.

"அடுத்த கிழமை நீ காட்டு."

"இனி என்னத்துக்கு? காட்ட வேண்டியதக் காட்டிட்டீங்கதானே."

அன்றோடு ஸ்பானிஷ் சொற்களை எழுதிவைத்த கொப்பியை மூடிவிட்டாள். எத்தனையோ முதலாளிமாரை வாயாலேயே மடக்கியவன் நான். இவளிடம் என் வாய் பலிக்கவில்லை.

போன கிழமை பஸால் கோல் எடுத்தான். வாப்பும்மா எப்போது கடலைக் காட்டுவா என்று நஜ்லா கேட்கிறாளாம். போனை ஹாஜறாவின் முன்னால் பாயில் வைத்துவிட்டு, வெளியே போய் வாசலில் நின்றேன். அந்தப் பாஷையில் ஒரு சொல்லாவது வருமென்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள சாப்பிட்டாவா எண்டு கேளு மகன்" என்றாள், பஸாலிடம்.