கேட்டுக்கு வெளியே நின்ன கையேடு

எனக்கு ஒரு மேனேஜர் இருந்தாரு. இன்னிக்கும் அந்த ஆளு மூஞ்சியை நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. வில்லியனூர்ல ஒரு மாடியில சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. ஃபேக்டரி மிஷினுங்களை ஓட்டுற சாஃப்ட்வேர் செஞ்சு குடுப்போம். அதை எப்படி ஓட்டணும்னு கையேடு எழுதுறது என் வேலை.

சாதா டெக்ஸ்ட் ஃபைல்லதான் எழுதுவேன். சாஃப்ட்வேர் மாறுனா அன்னிக்கே கையேடும் மாறும். பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, மிஷினுக்குப் பக்கத்துலயே கயிறு கட்டி மாட்டிட்டு வருவோம். கிரீஸ் கை பட்டாலும் துணியால தொடச்சிக்கலாம்.

அது அவருக்குக் கேவலமாப் பட்டுச்சு. எங்கயோ ஒரு டெமோ பாத்துட்டு வந்து குதிச்சாரு. "இனிமே எல்லாம் ஆன்லைன். மிஷின்ல ஒரு கியூஆர் கோடு ஒட்டிட்டா போதும், ஆபரேட்டருங்க போன்ல ஸ்கேன் பண்ணிப் படிச்சிப்பாங்க. எத்தனை பேர் தெறந்தாங்கன்னு அதுவே கணக்கு காட்டும்."

"சார், நம்ம சாஃப்ட்வேர் ஓடுற திருவாண்டார்கோயில் பக்கத்து ஃபேக்டரியில கேட்லயே போனை வாங்கிக்கிட்டு டோக்கன் குடுக்குறாங்க. உள்ள எதை வெச்சு ஸ்கேன் பண்ணுவாங்க?"ன்னு கேட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க அண்ணி அங்கதான் சோப்பு பேக்கிங் லைன்ல ஆபரேட்டர். ஆறு வருஷமா கான்ட்ராக்ட். அந்த மாசம்தான் பர்மனென்ட் ஆகப்போறவங்க லிஸ்ட்ல அவங்க பேரு வந்திருந்துச்சு. அபிஷேகப்பாக்கத்துல எங்க வூட்ல எழுந்தா அதே பேச்சு, உக்காந்தா அதே பேச்சு.

மேனேஜர் சிரிச்சாரு. "ஒனக்குப் புதுசு எதுவுமே புடிக்காதும்மா. போன் விஷயமெல்லாம் அவங்க பாத்துப்பாங்க." வந்த ஆத்திரத்துக்குக் கையில இருந்த டீயை அவர் சட்டையில ஊத்தியிருப்பேன். ஊத்தல. அந்த ஆன்லைன் டூலைத் தேர்வு பண்ண பேப்பர்ல, எழுதுறவருக்கும் சம்மதம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. வேலை போயிடுமோன்னு பயந்து அதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

மிஷின்ல தொங்குன அட்டைங்களையெல்லாம் கழட்டுனாங்க. அடுத்த அப்டேட்ல ஸ்கிரீன்ல இருக்குற சிவப்பு பட்டனோட வேலை மாறிப்போச்சு. முன்னாடி அழுத்துனா லைன் நிக்கும், அப்புறம் விட்ட எடத்துலேருந்து ஓடும். இப்ப அழுத்துனா அந்த பேட்ச் மொத்தத்தையும் கழிவுல தள்ளிடும். நான் கொட்டை எழுத்துல எச்சரிக்கை எழுதி ஆன்லைன்ல போட்டேன். அப்பாடா, வேலை முடிஞ்சுதுன்னு கம்ப்யூட்டரை மூடிட்டு வூட்டுக்குப் போயிட்டேன்.

பத்து நாள் கழிச்சு லைன்ல பெட்டி ஒண்ணு மாட்டிக்கிச்சு. அண்ணி வழக்கம்போல சிவப்பை அழுத்துனாங்க. ஒரு பேட்ச் சோப்பு முழுக்கக் குப்பைக்குப் போச்சு.

பட்டன் மாறுனதைத் தெரியப்படுத்துனீங்களான்னு ஃபேக்டரியிலேருந்து கேட்டாங்க. மேனேஜர் அந்த டூல்லேருந்து ரிப்போர்ட் எடுக்கச் சொன்னாரு. பக்கம் போட்ட தேதி இருந்துச்சு, எழுதியவர்னு என் பேரு இருந்துச்சு, தெறந்தவங்க பூஜ்யம்னு இருந்துச்சு.

"பாத்தியா, நாம ஒழுங்கா எழுதி வெச்சிருக்கோம். அவங்கதான் படிக்கல"ன்னாரு. சந்தோஷமா சொன்னாரு, பாவி.

உள்ள போனுக்கு அனுமதி கிடையாதுன்னு ரிப்போர்ட்டுக்குக் கீழ ஒரு வரி சேத்தேன். அதை அழிச்சிட்டு அனுப்புனாரு. ஏன், தினம் போனை வாங்கி வெச்சுக்கிற ஃபேக்டரிக்காரனுங்களுக்கு அது தெரியாதா? நல்லாத் தெரியும். பழி போட ஒரு ஆளு கெடச்சா போதும் அவனுங்களுக்கு. கையேட்டைப் படிக்காம மிஷினை ஓட்டுனாங்கன்னு எழுதி, லிஸ்ட்லேருந்து அண்ணி பேரை எடுத்துட்டானுங்க.

சாயங்காலம் அண்ணி அந்த ரிப்போர்ட் காப்பியைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சாங்க. அழல. யூனிஃபார்ம் கூட மாத்தல.

நான் மேனேஜரைக் கண்டபடி திட்ட ஆரம்பிச்சேன். டூலைத் திட்டுனேன். ஃபேக்டரியைத் திட்டுனேன். மூச்சு வாங்குற வரைக்கும் கேட்டுக்கிட்டு நின்னாங்க.

"பட்டன் மாறிடுச்சுன்னு ஒனக்கு பத்து நாளாத் தெரியும். தினம் எங்கூடதான் உக்காந்து சோறு துன்ன. வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒனக்கு இன்னா டூலும்மா வேணும்?"