சும்மா கிடந்த கொட்டகை

ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் உண்மையை மறைத்துப் பதில் சொன்னேன். அதை நம்பி ஊர் மாறிப் போனவள், அந்த வருஷ மார்கழியில் மூச்சு முட்டி இறந்துபோனாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் பேரன் என்னை மெரினாவுக்குக் கூட்டிப்போனான். சுடுமணலில் கடலை வறுத்துக்கொண்டிருந்த ஆள், ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் கசக்கி, தோலை ஊதிவிட்டுப் பொட்டலம் மடித்தான். காற்று அந்தத் தோலைக் கொண்டுவந்து என் முகத்தில் போட்டது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். “என்ன தாத்தா, கடலைகூடப் பிடிக்காதா?” என்றான். பிடிக்கும். அந்தத் தூசியில் மூன்று வருஷம் படுத்து எழுந்தவன் நான்.

புதுக்கோட்டையில் எனக்கு வேலை கிடைத்தபோது அது ராஜா ஊராக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரித் தெருக்கள், ஊருக்கென்று தனிக் காசு, நவராத்திரிக்குத் தனிக் களை. ஆபீசில் தலைப்பாகை கட்டியவர்கள் இருந்தார்கள். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்ததும், தலைநகரமாக இருந்த ஊர் திருச்சி ஜில்லாவின் ஒரு மூலையாகிவிட்டது. தலைப்பாகைகள் பெட்டிக்குள் போயின. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து பி.ஏ. படித்து வந்த எனக்குத் தலைப்பாகை கட்டும் முறை வருவதற்குள் தலைப்பாகைக் காலமே முடிந்துவிட்டது. அதில் ஒரு மனத்தாங்கல். கல்யாணமாகாத கட்டை. வாடகை குறைவு என்று ஒரு வீடு பிடித்திருந்தேன். குறைவுக்குக் காரணம், பின்சுவரை ஒட்டியிருந்த கடலை மில்.

நிலக்கடலையை உடைத்துப் பருப்பெடுக்கிற மில் அது. ஐப்பசி கடைசியில் மிஷினைத் தட்டிவிட்டால் தை வரைக்கும் ஓடும். தோலும் தூசியும் ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கும். தண்ணீர்ப் பானையின் மூடிமேல் விரலால் பெயர் எழுதலாம். “வேட்டியோட படுத்தா காவியோட எந்திரிக்கலாம், சாமியார் வாராரு வழி விடுங்கப்பா” என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். அறுவடைக் காலம் முடிந்துவிட்டால் மில் கொட்டகையில் ஆடுகள் படுத்திருக்கும்.

ஆபீஸ் காகிதங்களை ஒப்படைக்க என்னைச் சில வாரம் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். நான் அந்த ஊரில் ஒரேயடியாக மயங்கிவிட்டேன். புதுக்கோட்டையில் நான் யாருடைய மகன், எந்த ஊர்க்காரன் என்று தெரு முழுக்கத் தெரியும். மெட்ராஸில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். “எங்கப்பா போவணும்?” என்பார் கண்டக்டர். “திரும்பத்தாங்க” என்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பார்.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு மியூச்சுவல் டிரான்ஸ்பர் தெரியும். ஒரே வேலையில் இருக்கும் இரண்டு பேர், சம்மதித்து, ஊரை மாற்றிக்கொள்வது. மெட்ராஸ் ஆபீசில் வேதாசலம் என்ற குமாஸ்தா, கடலை விட்டுத் தள்ளி, மழை குறைந்த ஊர் எதுவானாலும் சரி என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். மனைவிக்கு ஆஸ்துமா. கடல் ஈரம் ஆகாது, காய்ந்த காற்று உள்ள ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மாளுக்குப் போக மனமில்லை. திருவல்லிக்கேணியில் பிறந்து, தினமும் கடலைப் பார்த்து வளர்ந்தவர். பெயர் கமலவேணி. ஊரைப் பற்றிச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதற்காக வேதாசலம் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். நான் இருந்த வாடகை வீட்டிலேயே அவர்கள் குடியேறுவதாகப் பேச்சு. ஆறு வயது மகள் பத்மா அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது.

“ராசா கட்டுன ஊருங்க. தெருவுல இந்த முனையில நின்னா அந்த முனை தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சா இன்னா தம்பி? அங்க பாக்க ஏதாவது இருக்கணுமில்ல?”

“கொளம் இருக்குங்க. நாலு பக்கமும் படிக்கட்டு.”

“கொளத்துல அலை வருமா?”

“எருமை எறங்குனா வரும்ங்க.”

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பின் கடைசியில் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மார்பில் கையை வைத்து, அது நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு அவர் கேட்டார்.

“வீட்டுக்கு அந்தாண்ட இந்தாண்ட இன்னா இருக்கு?”

அவர் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு சாக்குத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தச் சாக்கு என்னிடம் இருந்தது.

“ஒரு பக்கம் வாத்தியார் வீடுங்க. பின்னாடி ஒரு கொட்டகை, சும்மா கெடக்கு.”

“சும்மா கெடந்தா சரி.”

அப்போது வைகாசி. கொட்டகை சும்மாதான் கிடந்தது. நான் சொன்ன எல்லாமே உண்மை. இந்த வாக்கியத்தை எத்தனையோ இரவுகள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அது என்னைத் தூங்க வைத்ததில்லை.

எழும்பூரில் அவர்களை ரயில் ஏற்றிவிட நானும் போனேன். ரயில் நகரும்போது அவர் ஜன்னல் வழியாக, “தம்பி, கடலைப் பத்திரமா பாத்துக்குங்க” என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். பாதிதான் வேடிக்கை என்று இப்போது தோன்றுகிறது.

மெட்ராஸ் எனக்கு எல்லாம் கொடுத்தது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கடற்கரையில் ஒலிபெருக்கி வழியாக ரேடியோ, சம்பளத்தன்று ஒரு டிபன். ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று ஆபீஸ் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அங்கே இந்நேரம் மிஷினைத் தட்டிவிட்டிருப்பார்கள் என்று நினைப்பு வந்தது. ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். வீட்டை மாற்றிவிடுங்கள் என்று ஒரு வரி. எழுதினால் முன்பே தெரிந்து மறைத்தேன் என்றாகிவிடும். குடையை எடுத்துக்கொண்டு போய் டிராமில் ஏறினேன்.

மாசியில் புதுக்கோட்டை ஆபீசிலிருந்து ஒரு பழைய சகா வந்தார். ஓட்டலில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, “ஒங்க வீட்டுக்கு வந்த அம்மா தவறிப்போச்சுல்ல, தெரியாதா ஒங்களுக்கு?” என்றார்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தூசி தாங்காம வேற வீடு பாத்துட்டாங்க. பாத்தது கார்த்திகை கடைசி. மார்கழியில குடி போகக் கூடாதுன்னு அக்கம்பக்கம் சொல்லிருக்கு. தை பொறக்கட்டும்னு இருந்தாங்க. இந்த வருசம் வெளச்சலும் அப்படி, மிஷினு ராப்பகலா ஓடுச்சு.” ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். “அந்த மனுசனுக்கு நாள் நச்சத்திரம் எல்லாம் நம்பிக்கை கிடையாதாம். அந்த அம்மாதான், புது ஊருல நாலு பேரு சொல்றதைத் தட்ட வேணாம்னுருச்சாம்.”

அந்த வாரமே லீவு போட்டுப் போனேன். வேதாசலம் வேறு தெருவில், தைக்கென்று பார்த்து வைத்த அந்த வீட்டில் இருந்தார். என்னைப் பல்லவன் குளத்துக்குக் கூட்டிப்போனார். படியில் உட்கார்ந்தோம். கொட்டகையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன்.

“மறந்துட்டீங்களா, மறைச்சீங்களா?” என்றார்.

“மறைச்சேங்க.”

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி இருந்தது அந்த ஆட்டல்.

“நான் இங்கிட்டே வந்துர்றேங்க. நீங்க மெட்ராஸுக்குத் திரும்பிப் போயிருங்க. கையெழுத்துப் போட்டே கொண்டாந்திருக்கேன்.”

“அங்க போயி இன்னா சார் பண்றது? அவ இங்கதான இருக்கா.”

இருட்டும் நேரத்தில் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “பத்மாவுக்கு மெட்ராஸ் மறந்துகினே வருது. அவங்கம்மா தினம் சொல்லிக்கினு இருந்தா. எனக்கு அப்படிச் சொல்ல வராது. நீங்க வந்து சொல்லுங்க. ஊரைப் பத்தி நீங்க நல்லா சொல்வீங்க.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வருஷா வருஷம் பொங்கல் லீவுக்குப் போனேன். கூடத்தில் அந்தக் குழந்தை எதிரே உட்கார, மெட்ராஸைச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறைப்பதில்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம். கடலைச் சொன்னால் கூவத்தின் நாற்றத்தையும் சொன்னேன். டிராமை நிறுத்திய வருஷம் அதையும் சொன்னேன். அம்மா ஏறிய டிராம் என்பதால் அன்று அது சாப்பிடவில்லை. ஒரு தடவை, “மெட்ராஸ்ல இருந்தப்ப அம்மாவுக்கு மூச்சு வாங்காதா மாமா?” என்று கேட்டது. “வாங்கும். ஆனா இவ்வளவு இல்ல” என்றேன். வேதாசலம் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். உண்மை சொல்கிற பெருமையில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பத்மா பாவாடை தாவணி போடும் வயதுக்கு வந்துவிட்டாள். பேச்சு முழுக்கப் புதுக்கோட்டை. ஒரு பொங்கலுக்கு அவள் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தாள்.

“மாமா, இனிமே இங்கிட்டு வராதீங்க.”

நான் நின்றேன்.

“நீங்க வந்துட்டுப் போனா அப்பா நாலஞ்சு நாள் பேசுறதில்ல. நானும் கேக்குற மாதிரி உக்காந்துக்கிறேன். எனக்கு அந்த ஊரு வேணாம்.”

“நான் பொய் எதுவும் சொல்லலியேம்மா.”

“அம்மாகிட்டயும் நீங்க பொய் எதுவும் சொல்லலைன்னுதான் அப்பா சொன்னாங்க.”

பஸ் வந்தது. என் பையை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. என் பாவத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் கொண்டுபோய் அவர்கள் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, இலகுவாகத் திரும்பி வந்திருக்கிறேன். அது புரிய ஒரு சின்னப் பெண் சொல்ல வேண்டியிருந்தது. வேதாசலம் காலமானதும் பத்மா கல்யாணமாகி அறந்தாங்கிப் பக்கம் போனதும் காற்றுவாக்கில் காதில் விழுந்தவை. கடலை மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்களாம். மூர் மார்க்கெட் எரிந்துபோயிற்று. டிராம் தண்டவாளம் எந்தத் தெருவில் ஓடியது என்று பேரனுக்குக் காட்ட முயன்று எனக்கே குழம்பிவிட்டது. நான் மாற்றிக்கொண்ட இரண்டு ஊரும் இப்போது இல்லை.

நேற்றுப் பேரன் கேட்டான், “இவ்வளவு நேரமா எதைத் தாத்தா பாக்குறீங்க? வெறும் தண்ணி.”

பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றேன். யார் என்று அவன் கேட்கவில்லை. பொட்டலத்தைக் கசக்கி மணலில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்தான்.